சாம்பல் மனிதர் சங்குமேட்டில் தங்கிய பத்தொன்பது நாட்கள்

எங்கள் ஊர்க் கொட்டகையில் மூன்றாவது வாரமாக ஓடிக்கொண்டிருந்த படத்திலிருந்து அந்த மனிதர் இறங்கி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியக் காட்சியில், ஐந்தாவது சுருள் முடிந்து ஆறாவது சுருளை மெஷினில் மாட்டுவதற்காக கியாஸ் விளக்கை ஏற்றிய இடைவெளியில். திரைக்கு முன்னால் மணலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே புழுக்கம் தாங்கவில்லை என்பதுபோல் கழுத்துப்பட்டியைத் தளர்த்திவிட்டு, முன்வரிசைக்காரர்களைப் பார்த்து வயிற்றில் கை வைத்து லேசாகக் குனிந்தார். அவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவர் உட்கார்ந்தார். மெஷின்காரர் ஆறாவது சுருளைச் சுற்ற ஆரம்பித்தார். படத்தில் வியாபாரியின் மனைவி கதவைத் திறந்து, யாருமில்லாத வாசலைப் பார்த்து வெட்கப்பட்டாள்.

அப்போது படங்கள் பேசத் தொடங்கவில்லை. படத்துக்குப் பேசும் வேலை என்னுடையது. திரைக்கு வலப்பக்கம் ஒரு கம்பும் மணியும் வைத்துக்கொண்டு நிற்பேன். எழுத்து வந்தால் வாசிப்பேன், எழுத்து வராமல் வாய் மட்டும் அசைந்தால் அந்த வாய்க்கு என் குரலைக் கொடுப்பேன். எழுத்து வருவது கொஞ்சம், வாய் அசைவது அதிகம், ஆகவே பேச்சில் முக்கால் பங்கு நானே கட்டியது. அதில் யாரும் குறை காணவில்லை. சங்குமேடு உப்பளத்து ஊர். பின்னிரவில் பாத்திக்குள் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் கரையேறி, கஞ்சி குடித்துவிட்டு மதியக் காட்சிக்கு வந்து உட்காருகிறவர்களுக்கு, வெள்ளை வெளிச்சத்தில் வெந்த கண்ணுக்குக் கொட்டகையின் இருட்டே பாதி மருந்து. மீதிப் பாதி என் குரல் என்று சொல்வார்கள்.

படத்தின் கதை சிறியது. ஒரு துறைமுகப் பட்டணத்தில் நல்ல குடும்பம் ஒன்று. அங்கே கோட்டும் பூவுமாக ஒருவன் விருந்தாளியாக வருகிறான், அழகாகச் சிரிக்கிறான், யாரையும் வற்புறுத்துவதில்லை, அவரவர் காதருகே குனிந்து ஏதோ சொல்கிறான், அவ்வளவுதான். வியாபாரி சூதாடப் போகிறான், மனைவி வீட்டை விட்டுப் போகிறாள், பூசாரி கோயில் விளக்கைத் திருடுகிறான். எல்லோரும் கெட்ட பிறகு அவன் கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறான். அவன்தான் இறங்கி வந்தவர். ஊருக்குள் வந்தபின் அவரை அவன் இவன் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை, ஏனென்றால் விருந்தாளி.

முதல் இரண்டு நாள் ஊர் அவரைச் சுற்றி வந்தது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. நல்ல வெயிலிலும் அவர் சாம்பல் நிறமாகவே இருந்தார். கையால் சுற்றும் மெஷினில் பழகிய கால் என்பதால் மற்றவர்களைவிடச் சற்று விரைவாக நடந்தார், கூட நடக்கிறவர்கள் ஓட்டமும் நடையுமாகப் போக வேண்டியிருந்தது. சில நேரம் அவர் உடம்பின் மேல் மழைக் கோடு போல மெல்லிய கோடுகள் இறங்கின. அது சுருள் பழசானதால் வருவது, நோயில்லை என்று மெஷின்காரர் சொன்னதும் பெண்கள் பயம் தெளிந்தார்கள். நாய்கள் அவரை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போயின. வயிற்றில் கை வைத்துக் குனியும் அவருடைய வழக்கம் பெரிய இடத்து மரியாதை என்று ஊர் எடுத்துக்கொண்டது. ஒரு வாரத்துக்குள் எங்கள் ஊர் ஆம்பிளைகள் வழியில் பார்த்துக்கொண்டால் வயிற்றைத் தொட்டுக் குனியத் தொடங்கினார்கள்.

கொட்டகை முதலாளி தேவசகாயம் மட்டும் கவலைப்பட்டார். பெட்டியைத் திருப்பி அனுப்பும்போது இவரையும் சேர்த்து அனுப்ப வேண்டுமா என்று படக் கம்பெனிக்குக் கடிதம் போட்டார். ஒன்பது சுருள், ஒரு பெட்டி, இரண்டு கட்டு விளம்பரத் தாள் அனுப்பினோம், ஆள் யாரையும் அனுப்பவில்லை, ஆகவே ஆளுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. அவர் இல்லாமலும் படம் ஓடியது. கூட்டமும் குறையவில்லை. தன் கையை யாரும் பிடிக்காமலே வீட்டை விட்டு வெளியேறும் அந்த மனைவியைப் பார்த்து முன்னைவிட அதிகமாக அழுதார்கள்.

அவருக்குச் சத்தம் கிடையாது. வாய் அசையும், பல் தெரியும், ஒன்றும் கேட்காது. ஆகவே இறங்கி வந்த அன்றைக்கே, அவர் முதல் முறையாக வாயைத் திறந்தபோதே, கொட்டகை மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. என்ன சொல்லுதாரு என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் அந்த வாய்க்கு மூன்று வாரமாக, நாளுக்கு ஒரு காட்சி பேசிவந்தவன். தெரியாது என்ற வார்த்தை என் நாக்குக்கே வரவில்லை. "உங்க ஊர் நல்ல ஊருன்னு சொல்லுதாரு" என்றேன். எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

அன்று சாயங்காலம் முதலாளி வீட்டில் அவருக்கு இலை போட்டார்கள். அவர் இலையைப் பார்த்தார், வயிற்றில் கை வைத்தார், வாயை அசைத்தார். படத்தில் வியாபாரி வீட்டு விருந்தில் இதே போல ஓர் இடம் உண்டு, அங்கே நான் வழக்கமாகச் சொல்வது என் வாயில் தயாராக இருந்தது. "எதையும் வாங்கிக்கிட வரல, கொடுக்கத்தான் வந்திருக்கேன்னு சொல்லுதாரு" என்றேன். முதலாளியின் மனைவி கும்பிட்டுவிட்டு இலையை எடுத்துக்கொண்டு போனாள். எங்கள் பக்கத்தில் ஒரு விருந்தாளி ஒரு முறை வேண்டாம் என்றால் மறுபடி கேட்பது அவரைப் பிச்சைக்காரராக்குவது போல. சாப்பிடாதவர் முன்னால் சாப்பிடுவதும் அப்படியே. அன்றிலிருந்து அவர் தெருவில் வந்தால், அடுப்பில் சோறு கொதிக்கிற வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன.

அவர் வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். நானும் கூடப் போனேன். அவர் ஒருவர் முன்னால் நின்று, வயிற்றைத் தொட்டுக் குனிந்து, அந்த அழகான சிரிப்போடு வாயை அசைப்பார்; அந்த மனிதர் என்னைப் பார்ப்பார்; நான் பேசுவேன். பொய் சொல்கிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவர் வாய் அசையும்போது என் வாயில் வார்த்தை ஊறியது, என் பேச்சு என்று நான் அறியாத பேச்சு, தித்திப்பாக இருந்தது. கேட்கிறவர்களின் முகத்தில் விளக்குத் திரியைத் தூண்டியது போல ஒளி கூடுவதைப் பார்த்தேன். அந்த ஊரில் இருபத்தெட்டு வருஷம் வாழ்ந்தவன் நான். யாருக்குள்ளே எந்த இடத்தில் பசி என்று எனக்குத் தெரியும் என்பது எனக்கே தெரியாமல் இருந்தது.

லூர்துசாமி உப்பளத்து மேஸ்திரி. வேலை தொடங்கவும் முடியவும் ஒரு தண்டவாளத் துண்டை இரும்பால் அடிப்பது அவர் பொறுப்பு. பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் முன்னே பின்னே அடித்ததில்லை. சாம்பல் மனிதர் அவர் முன் நின்றார். ஊரிலே எல்லாரும் சூரியனைப் பார்த்து நேரம் சொல்லுதாங்க, உங்களுக்கு மட்டும் சூரியன் கையிலேயே தொங்குது என்று நான் சொன்னேன். மறுநாள் அவர் வேலை முடிகிற மணியைக் கால் மணி நேரம் தாமதித்து அடித்தார். நூறு பேர் பாத்திக்குள் நின்று தன் கையைப் பார்ப்பதைப் பார்த்தார். அதற்கு மறுநாள் அரை மணி. பெண்கள் உள்ளங்கால் வெடித்து வீடு திரும்பினார்கள், மேஸ்திரி அவர்களுக்குப் பின்னால் புதிதாகச் சீட்டி அடித்துக்கொண்டு வந்தார்.

பாக்கியத்தம்மாள் மருத்துவச்சி. ஊரில் பாதிப் பேரைத் தன் கையில் வாங்கியவள், வாங்கிய வீடு எதிலும் பெயர் சூட்டும் நாளில் அவளைக் கூப்பிட மறந்துவிடுவார்கள், அதை அவள் சொல்லிக் காட்டியதில்லை. அவள் முன் நின்று அவர் வாயை அசைத்தபோது, உனக்குத் தெரிஞ்சது இந்த ஊருல யாருக்கும் தெரியாது, அதை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கிறியே தாயி என்று வந்தது என் வாயில். முப்பது வருஷமாக முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவள் ஒவ்வொன்றாக அவிழ்த்தாள், எந்தக் குழந்தை யார் சாயல், எந்தப் பெண் எந்த மாதம் எதைக் கேட்டு இரகசியமாக வந்தாள் என்று. அந்த வாரமே மூன்று வீடுகளில் பேச்சு நின்றது. பாக்கியத்தம்மாளுக்கு எல்லா வீட்டிலும் பாய் விரித்தார்கள், பயத்தில்.

ஊர் கெடுகிறது என்று யாரும் சொல்லவில்லை. பெரிய மனிதர் ஒருவர் வந்திருக்கிறார், அதனால் ஊர் கொஞ்சம் கலகலப்பாக இருக்கிறது என்றார்கள். தங்களிடம் எப்போது வருவார் என்று காத்திருந்தார்கள். வராத வீட்டுக்காரர்கள் என்னை வழியில் நிறுத்தி, எங்களிடம் சொல்ல அவருக்கு ஒன்றுமே இல்லையா என்று மனத்தாங்கலாகக் கேட்டார்கள். நான் சரியாகத் தூங்காமல் போனேன். படுத்தால் காலுக்குள் நடை ஓடியது.

இனி நான் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுற்றி எங்கே தோண்டினாலும் கரிக்கும் எங்கள் ஊரில் ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. அளவோடு இறைத்தால்தான் அது நல்ல தண்ணீர். அளவு மீறினால் கடல் அடியிலிருந்து ஏறி வந்துவிடும், வந்தால் போகாது. ஆகவே வீட்டுக்கு நாளுக்கு இரண்டு குடம், பிள்ளை பெற்ற வீட்டுக்கு மூன்று. கிணற்றுச் சுவரில் வீட்டுக்கு ஒரு புரை, சின்ன மாடக்குழி, உண்டு. ஒரு குடம் இறைத்தால் உன் புரையில் ஒரு சிப்பியைப் போட வேண்டும். யாரும் காவல் நிற்பதில்லை. சாயங்காலம் கிணற்றுப் பொறுப்பாளர் பெரியநாயகம் வந்து, முடிச்சுப் போட்ட கயிற்றை விட்டு ஆழம் பார்த்து, சிப்பிகளை வாரிக் கூடையில் போட்டுவிட்டுப் போவார். இருபத்தாறு வருஷம் அந்தக் கயிறும் சிப்பியும் ஒன்றுக்கொன்று பொய் சொன்னதில்லை.

பெரியநாயகம் என் மாமனார். அவருடைய ஒரே மகள் ஆவுடைத்தங்கத்துக்கு ஏழு வயதில் காய்ச்சல் வந்து காது போயிற்று. அவள் குரலும் அந்த வயதிலேயே நின்றுவிட்டது, முப்பது வயதிலும் சிறுமியின் குரலில்தான் பேசுவாள். மற்றவர்கள் அவளிடம் கத்தினார்கள். நான் முகத்தைக் காட்டி மெதுவாகப் பேசினேன், அவள் என் உதட்டைப் பார்த்துப் பதில் சொன்னாள், அதைக் கவனித்த பெரியநாயகம் என்னை மருமகனாக்கிக்கொண்டார். அவள் தினமும் கொட்டகைக்கு வருவாள். சோகமான கட்டங்களில் சிரிப்பாள். காது கேட்காதவள், கதை புரியவில்லை என்று பக்கத்தில் இருப்பவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே நினைத்தேன்.

பதினைந்தாம் நாள் சாம்பல் மனிதர் கிணற்றடிக்குப் போனார். பெரியநாயகம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் தலை நரைத்து, தோள் ஒரு பக்கம் சரிந்து, கை மட்டும் உறுதியாக இருந்தது. சாம்பல் மனிதர் குனிந்தார், கிணற்றைக் காட்டினார், வாயை அசைத்தார். என் வாய் ஊறியது. இவரிடம் வேண்டாம் என்று எனக்குள் ஒன்று சொன்னது உண்மை. ஆனால் என் மாமனார் முகத்தை ஒரு முறையாவது ஒளியோடு பார்க்க வேண்டும் என்ற ஆசையும் உண்மை.

"ஊருக்கே தலை குளிர ஊத்துன கை இது, உன் மக உப்புத் தண்ணியில தலை முழுகி முடி கொட்டிக்கிட்டு நிக்கா, அவ ஒருத்திக்கு ஒரு குடம் இந்தக் கிணத்துல இல்லையான்னு கேக்காரு மாமா" என்றேன்.

அவர் கயிற்றை மறுபடி பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

மறுநாள் எங்கள் வீட்டு வாசலில் மூன்றாவதாக ஒரு குடம் இருந்தது. சிப்பி போடாத குடம். ஆவுடைத்தங்கம் சீயக்காய் அரைத்து அந்தத் தண்ணீரில் தலை முழுகினாள். எங்களுக்குக் கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் கூந்தல் காய்ந்தபோது உப்புப் பூக்கவில்லை, கறுப்பாக, பளபளவென்று இருந்தது. தெருவே அதைப் பார்த்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு மறுநாள் எல்லோர் வீட்டிலும் மூன்றாவது குடம் இருந்தது, அதற்கு மறுநாள் நான்காவது. புரைகளில் மட்டும் ஒழுங்காக இரண்டு இரண்டு சிப்பி. குழந்தைகளை நல்ல தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். ஒருவர் வாசலில் தெளித்தார். லூர்துசாமி தன் வீட்டு எருமையைக் கழுவினார். பெரியநாயகம் சாயங்காலங்களில் வந்து கயிற்றை விட்டுப் பார்த்து, முடிச்சை எண்ணாமல் சுருட்டிக்கொண்டு போனார்.

பத்தொன்பதாம் நாள் காலையில் கிணற்றுத் தண்ணீர் கரித்தது.

அந்தச் செய்தி தெருவில் பரவிக்கொண்டிருந்தபோது நான் வீட்டில் இருந்தேன், சாம்பல் மனிதர் எங்கள் வாசலில் நின்றார். அதுவரை எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. அவர் சுற்றுகிற காலை நேரங்களில் ஆவுடை அளத்தில் இருப்பாள், அவர் வாயைக் கிட்டத்தில் பார்த்ததில்லை; அன்று கால் வெடிப்பு அதிகமாகிப் போகாமல் இருந்தாள். அவர் வயிற்றில் கை வைத்துக் குனிந்தார். வாய் அசைந்தது. என் வாய் ஊறத் தொடங்கியது, அவளுக்குள்ளே எந்த இடம் என்று எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும், பிள்ளையில்லாத அந்த இடம். நான் பேச ஆரம்பித்துவிட்டேன். அவள் என் உதட்டைப் பார்க்கவில்லை. அவருடையதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சோறு கேக்காரு" என்றாள்.

நான் நிறுத்தினேன்.

"எப்ப சோறு போடுவீயன்னு கேக்காரு. கோட்டு அரிக்குதாம். பத்தொன்பது நாளாச்சாம்." அவள் எழுந்து உள்ளே போய்ப் பலகையைப் போட்டாள். பழைய சோற்றில் மோர் ஊற்றி, சுட்ட கருவாடு வைத்தாள். அவர் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கூச்சமில்லாமல், படத்தில் அவர் செய்யும் எந்த அழகும் இல்லாமல், முழங்கை வரை வழிய வழியச் சாப்பிட்டார். அவள் மூன்று முறை சோறு போட்டாள். கருவாட்டு முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார்.

"கொட்டகையிலயும் இதையேதான் சொன்னாரு" என்றாள் ஆவுடை. "அந்தப் பொம்பளை கையைப் பிடிச்சுக்கிட்டு, சாப்பாட்டு வண்டி வந்துட்டா பாருன்னு சொல்லுவாரு. நான் எப்படிச் சிரிக்காம இருக்க?"

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க எங்கிட்ட என்னைக்குக் கேட்டீய?" அவள் அவருக்கு இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், உதட்டை விட்டு முழு முகத்தையும். "அவரு ரெண்டு வார்த்தை சொன்னாரு. நீங்க இம்புட்டு நேரமா என்ன பேசிக்கிட்டு இருந்தீய?"

நான் என்ன பேசினேன் என்பதை, வீடு வீடாக, ஆள் ஆளாக அவளுக்குச் சொன்னேன். அவள் அப்பாவிடம் சொன்னதையும் சொன்னேன். அவள் தன் ஈரமான கூந்தலை எடுத்து முன்னால் போட்டுப் பார்த்தாள். பிறகு இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டாள். அவள் கண்மூடி இப்போது ஒன்பது வருஷம் ஆகிறது. வாழ்ந்த காலம் முழுவதும் அந்தக் கொண்டையை யார் முன்னாலும் அவள் அவிழ்த்ததில்லை.

ஊர் கிணற்றடியில் கூடியிருந்தது. சுவரின் மேல் ஒரு குடம் வைத்து, வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினார்கள், தானே ருசி பார்க்காமல் நம்ப யாருக்கும் மனமில்லை. சாம்பல் மனிதர்தான் காரணம் என்பதில் இரண்டு கருத்து இல்லை. அவரைப் பிடித்துப் பெட்டிக்குள் அடைத்துப் பெட்டியைக் கொளுத்த வேண்டும் என்றார் லூர்துசாமி. சிலர் கடலில் தள்ளலாம் என்றார்கள். பாக்கியத்தம்மாள் மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தாள். மூன்று பேர் மண்ணெண்ணெய் டின்னோடு கொட்டகைப் பக்கம் புறப்பட்டார்கள். எனக்கு அப்போது தெரிந்தது, நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்; எரிந்துபோகும் ஒரு பெட்டியோடு என்னுடையது எல்லாம் எரிந்துவிடும், நான் பழையபடி கதைக்காரனாக இருப்பேன். என் வாயில் அதற்கான பேச்சும் ஊறியது. பெட்டியைக் கொளுத்துவதுதான் சரி என்று நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் மொத்த ஊரும் முகம் ஒளிர்ந்து ஓடியிருக்கும்.

ஆவுடை என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் என்ன பேசப்போகிறேன் என்று என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை, சோறு மட்டும்தான் கேட்டார் என்று சொன்னேன். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். மறுபடி சொன்னேன். மேஸ்திரியிடம் சொன்னது, மருத்துவச்சியிடம் சொன்னது, இங்கே இந்த இடத்தில் நின்று சொன்னது, எல்லாம் நான் கட்டியது. பத்தொன்பது நாளாக ஒரு மனிதர் நம் ஊரில் பட்டினி கிடந்தார், அவரைப் பார்த்து நாம் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டோம், அதற்கும் காரணம் என் வாய்தான். லூர்துசாமி என் சட்டையைப் பிடித்தார். இதுவும் அந்த ஆள் சொல்லிக்கொடுத்த பேச்சுதானே என்று கேட்டார், ஏனென்றால் அப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவர் விரும்பினார். ஆவுடை தன் சிறுமிக் குரலில், இல்லை, அவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கிறார், என் வீட்டில் போய்ப் பாருங்கள் என்றாள். அந்தக் குரல் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. லூர்துசாமியின் கை என் சட்டையிலேயே இருந்தது, பிடி மட்டும் போய்விட்டது.

பெரியநாயகம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கூட்டம் விலகி வழி விட்டது.

"எங்கிட்ட சொன்னதும் உன் பேச்சுதானா, மருமவனே?"

"ஆமா, மாமா."

அவர் தலையை ஆட்டினார். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. அதைவிட மோசமான ஒன்று இருந்தது, ஒரு தேடல்.

"நான் அதையேதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். இருபத்தாறு வருசமா, தினமும், கயித்தை விடும்போதெல்லாம். யாருட்டயும் சொன்னதில்லை. அவ அம்மாட்டகூடச் சொன்னதில்லை." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அந்தக் கேள்வியை அங்கே நின்ற ஒவ்வொருவரும் தன்னைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். ஒருவரை ஒருவர் பார்ப்பதைத் தவிர்த்துக் குடத்தைப் பார்த்தார்கள்.

இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோது சாம்பல் மனிதர் கையைக் கழுவி, கையுறையை மாட்டிக்கொண்டு, ஆளில்லாத தெரு வழியாகச் சற்று விரைவாக நடந்து கொட்டகைக்குப் போய்விட்டார். மண்ணெண்ணெய்க்காரர்கள் போய்ப் பார்த்தபோது திரைத் துணி காலியாகத் தொங்கியது. அன்று மதியக் காட்சியை முதலாளி பயந்துகொண்டே போட்டார். சாம்பல் மனிதர் படத்துக்குள் இருந்தார். ஆனால் வயிறு நிறைந்திருந்தது. வியாபாரியின் மனைவி கதவைத் திறந்தபோது கொட்டாவி விட்டார். வியாபாரியோடு பேசிக்கொண்டிருந்தவர் சாய்வு நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். பூசாரி விளக்கின் அருகே நெடுநேரம் தனியாக நின்றுவிட்டு வீட்டுக்குப் போனான். ஒன்பது சுருளிலும் ஒருவரும் கெடவில்லை. நான் கம்பையும் மணியையும் முதலாளியிடம் கொடுத்துவிட்டேன். பேச ஆளில்லாமல் அமைதியாக ஓடிய அந்தப் படத்தைப் பார்க்க மறுநாள் ஏழு பேர்தான் வந்தார்கள். முதலாளி பெட்டியைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்.

கிணற்றைப் பலகை போட்டு மூடினோம். மழை வந்து பார்த்த பிறகுதான் திறப்பது என்று பெரியநாயகம் சொன்னார், பொறுப்பாளராக அவர் கடைசியாகச் சொன்னது இரண்டு. ஒன்று இது. மற்றது, பனங்காட்டு ஊற்று மூன்று மைல், தெருவுக்கு ஒருவர் வண்டி இழுக்க வேண்டும், எங்கள் தெருவுக்கு நான். பிறகு கயிற்றைச் சுவரில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அதை வேறு யாரும் எடுக்கவில்லை.

நான் பதினாலு வீட்டுக்குத் தண்ணீர் இழுத்தேன். வீட்டுக்கு இரண்டு குடம். ஆரம்பத்தில் என் வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலில் இருந்தவர்கள் உள்ளே போய்விடுவார்கள். நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தெரு முனைக்குப் போன பிறகு வந்து எடுப்பார்கள். நான் வாயைத் திறந்துவிடுவேனோ என்று பயந்தார்கள். நான் திறக்கவில்லை. ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. மழையைக் காணோம். அப்போது பயம் கொஞ்சம் கொஞ்சமாக வேறொன்றாக மாறுவதைப் பார்த்தேன்.

முதலில் பாக்கியத்தம்மாள். பாய் விரித்த வீடுகளெல்லாம் மறுபடி அவளை மறந்திருந்தன. நான் குடத்தை இறக்கியபோது அவள் உள்ளே போகவில்லை, கதவோரம் நின்றாள். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எய்யா, அன்னைக்கு எங்கிட்ட ஒண்ணு சொன்னியே. அதை இன்னொரு தடவை சொல்லேன். அப்படி எங்கிட்ட யாரும் பேசினதில்ல."

நான் குடத்தை வைத்துவிட்டு நகர்ந்தேன். அடுத்த வாரம் லூர்துசாமி, வண்டிச் சக்கரத்தில் கால் வைத்து நிறுத்தி, தனக்காகக் கேட்கவில்லை, சும்மா, அந்த வார்த்தை என்ன என்று மறந்துபோச்சு என்றார். ஒருவர் பின் ஒருவராகக் கேட்டார்கள். சாம்பல் மனிதர் போகாமலே விட்ட வீட்டுக்காரர்கள் கூடக் கேட்டார்கள், எங்களுக்கென்று ஏதாவது வைத்திருந்தாயா, அதையாவது சொல் என்று. எல்லோருக்கும் என் வாயில் இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் அது ஊறியது, விழுங்கினேன். ஊற்றுத் தண்ணீரை அள்ளிக் குடித்தாலும் அந்தத் தித்திப்புப் போகவில்லை.

தெருவின் கடைசி வீடு என் மாமனாருடையது. அவர் அந்த நாளுக்குப் பிறகு என்னோடு பேசவில்லை. குடத்தை வாங்கிக்கொள்வார், காலிக் குடத்தைத் தருவார். ஐப்பசி பிறந்து, முதல் மேகம் கடலுக்கு மேலே கறுத்து நின்ற ஒரு காலையில், நான் இரண்டாவது குடத்தை இறக்கிவிட்டுத் திரும்பியபோது, "மருமவனே" என்று கூப்பிட்டார்.

நின்றேன். அவர் வாசற்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். உதடு பிரிந்தது. அந்த முகத்தில், கிணற்றடியில் நான் பார்த்த அதே தேடல் இருந்தது. அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது, எந்த வார்த்தையில் வேண்டும் என்பதும் தெரிந்தது.

அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. இறக்கி வைத்த குடத்தில் தண்ணீர் ஆடி அடங்கும்வரை இருவரும் அப்படியே நின்றுகொண்டிருந்தோம்.